எழ மறுக்கும் முகப்பு விளக்கு

கனடாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவரிடம் 1992ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா ஒன்று இருக்கிறது. இரண்டு இருக்கை, துணிக்கூரை, பொத்தானை அழுத்தினால் பானெட்டிலிருந்து மேலெழும் முகப்பு விளக்குகள். வலப்பக்க விளக்கு ஒழுங்காக எழுகிறது. இடப்பக்க விளக்கு சில நாள் அசைவதே இல்லை; மோட்டாரை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் எழுகிறது. வேறு சில நாள் எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்து, நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. “மோட்டாரை மாற்றிவிடலாமா? தட்டினால் ஏன் சரியாகிறது? இந்தக் காருக்கு ராசியில்லை, விற்றுவிடு என்கிறார் நண்பர்” என்று கேட்கிறார்.

விற்க வேண்டாம். மோட்டாரையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அவர் எழுதிய அந்த நான்கு வரிகளிலேயே கோளாறு எங்கே இருக்கிறது என்பதற்கான துப்பு ஏறக்குறைய முழுதாக இருக்கிறது.

இப்படி மறைந்து எழும் விளக்குகள் எதற்கு வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பெயர் வாங்கியது 1936ஆம் ஆண்டின் கார்டு 810 என்ற அமெரிக்கக் கார். அதில் மோட்டார் கிடையாது. டாஷ்போர்டில் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த கைப்பிடிகளைச் சுழற்றித்தான் விளக்குகளை வெளியே கொண்டுவர வேண்டும். 1940 முதல் அமெரிக்காவில் கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை மூன்றும் ஒரே உருண்டையாக அமைந்த சீல்டு பீம் விளக்குகள் கட்டாயமாயின. அவற்றின் அளவும் தரையிலிருந்து இருக்க வேண்டிய உயரமும் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தன. காற்றைக் கிழித்துப் போக வேண்டிய தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கில் அந்த உருண்டையை எங்கே வைப்பது? பகலில் உள்ளே படுக்கவைத்து, இரவில் எழுப்பிவிடுவதுதான் வழி. 1983இல் அந்த விதி தளர்ந்தது. பிறகு விரும்பிய வடிவத்தில் விளக்கு செய்யலாம் என்றானது. ஐரோப்பாவில் பாதசாரி பாதுகாப்பு விதிகளும் இறுகின. மியாட்டாவின் இரண்டாம் தலைமுறையிலேயே எழும் விளக்குகள் போய்விட்டன. 2004இல் கார்வெட் சி5, லோட்டஸ் எஸ்ப்ரி இரண்டின் உற்பத்தியும் நின்றதோடு அந்த வரிசை முடிந்தது.

இனி, இந்த விளக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

விளக்கு மேலே போகிறது, கீழே வருகிறது. அப்படியானால் மோட்டார் ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுற்ற வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். மியாட்டாவின் மோட்டார் அப்படிச் செய்வதில்லை. அது எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. பற்சக்கரங்கள் வழியாக அது ஒரு சிறிய கிராங்கை, அதாவது ஒரு சுழல்கரத்தை, மெதுவாகத் திருப்புகிறது. கிராங்கின் நுனியில் இணைப்புத் தண்டு, தண்டின் மறுமுனையில் விளக்குச் சட்டம். கிராங்க் அரைச்சுற்று சுற்றினால் விளக்கு எழுகிறது. அதே திசையில் இன்னொரு அரைச்சுற்று சுற்றினால் படுக்கிறது.

மிதி வைத்த தையல் இயந்திரத்தில் தைத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். தண்டும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றுவிட்டால், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் அசையாது. கையால் ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டியிருக்கும். தைப்பவருக்கு எரிச்சலூட்டும் அந்த டெட் சென்டரை, விளக்கை வடிவமைத்தவர் வரமாக்கிக்கொண்டார். விளக்கு முழுதாக எழுந்த நிலையில் தண்டும் கிராங்கும் ஒரே கோட்டுக்கு வந்துவிடுகின்றன. நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்று விளக்கை எவ்வளவு அழுத்தினாலும், அந்த விசை தண்டின் வழியே நேராகக் கிராங்கின் அச்சுக்குப் போகிறதே தவிர, கிராங்கைத் திருப்புவதில்லை. விளக்கை நிமிர்த்திப் பிடிக்க மின்சாரம் ஒரு துளியும் செலவாவதில்லை.

இதில் இன்னொரு அழகும் உண்டு. கிராங்கின் நீளம் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கிராங்க் 10 டிகிரி கூடுதலாகத் திரும்பிவிட்டது. பாதி வழியில் இந்தப் பிழை நேர்ந்தால் தண்டின் நுனி சுமார் 5 மி.மீ. விலகும். டெட் சென்டரில் நேர்ந்தாலோ விலகல் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பள்ளியில் படித்த கொசைன் வளைவை நினைத்துப் பாருங்கள். உச்சியில் அது ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பகுதியில் விளக்கை நிறுத்துவதால், மலிவான மோட்டாரை வைத்துக்கொண்டே ஒளிக்கற்றையை ஒவ்வொரு இரவும் அதே உயரத்துக்குக் கொண்டுவர முடிகிறது. தொடக்கமும் முடிவும் மென்மையாக அமைவதும் இதனால்தான். கிளம்பும்போது வேகம் குறைவு, நெம்பும் விசை அதிகம். விளக்கின் விளிம்பில் உறைந்த மெல்லிய பனியைப் பெயர்த்தெடுக்க அதுவே உதவுகிறது.

சரி, அரைச்சுற்று முடிந்துவிட்டது என்று மோட்டாருக்கு எப்படித் தெரிகிறது? கிராங்கைத் திருப்பும் பற்சக்கரத்தோடு சேர்ந்து ஒரு தொடுவட்டும் சுற்றுகிறது. அதன் முகத்தில் செம்புப் பட்டைகள். அவற்றின் மேல் உரசியபடி சிறிய உலோக நாக்குகள். பட்டைகளில் ஓரிடத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். ‘எழு’ என்ற கட்டளைக்கு ஒரு பட்டை, ‘படு’ என்ற கட்டளைக்கு இன்னொன்று. நாக்கு இடைவெளிக்கு வந்ததும் மின்சாரம் நிற்கிறது. வைப்பரை அணைத்த பிறகும் அது கண்ணாடியின் நடுவில் நிற்காமல் கீழே வந்து படுப்பதும் இதே உத்தியால்தான்.

ஆனால் மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தன் வேகத்தில் இன்னும் சிறிது சுற்றி, இடைவெளியைத் தாண்டிவிடும். தாண்டினால் நாக்கு மறுபடி பட்டையைத் தொடும், மோட்டார் மறுபடி ஓடும். அதனால் இந்த வகைச் சுற்றுகளில், மின்சாரம் துண்டிக்கப்படும் அதே கணத்தில் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். சுழலும் மோட்டார் ஒரு ஜெனரேட்டரும்தான். குறுக்கே இணைத்ததும் அது உண்டாக்கும் மின்னோட்டம் அதன் சுழற்சியையே எதிர்க்கிறது; மின்காந்தவியலில் இதற்கு லென்ஸ் விதி என்று பெயர். உராய்வுக்கட்டை எதுவும் இல்லாமல் மோட்டார் சட்டென்று நிற்கிறது.

வாசகரின் ‘ஆடும் விளக்கு’ இங்கேதான் அகப்படுகிறது. விளக்கு ஆடுகிறது என்றால் அந்த நேரத்தில் மோட்டாருக்கு ஓடும் வலு இருக்கிறது என்று பொருள். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுகிறது, அவ்வளவே. ஒன்று, தொடுவட்டில் பழைய கிரீஸும் தேய்ந்த செம்புத்தூளும் ஈரமும் சேர்ந்து இடைவெளியை நிரப்பிவிட்டிருக்க வேண்டும். அல்லது, மோட்டார் முனைகளை இணைத்து நிறுத்தும் ரிலேயின் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சின்) தொடுமுனை கருகி, பிரேக் போய்விட்டிருக்க வேண்டும். முதல் சந்தேகத்துக்கு மருந்து, மூடியைக் கழற்றித் தொடுவட்டைத் துடைத்து, மின்தொடுமுனைகளுக்குரிய கிரீஸை மெலிதாகப் பூசுவது. புதிய மோட்டாருக்குக் கொடுக்க நினைத்த பணம் மிச்சம்.

தட்டினால் எழுவதிலும் மாயம் இல்லை. நேர்மின்னோட்ட (டி.சி.) மோட்டாரில், சுழலியோடு சேர்ந்து சுற்றும் செம்புத் துண்டுகளாலான திசைமாற்றியை (கம்யூட்டேட்டர்) கார்பன் பிரஷ் சுருள்வில்லின் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். முப்பது ஆண்டுகளில் பிரஷ் தேய்ந்து குட்டையாகியிருக்கும், அதன் கூட்டில் தூசி அடைத்துச் சிக்கியிருக்கும். சுழலி நின்ற இடத்தில் திசைமாற்றியின் துண்டும் கருகியிருந்தால் மின்சாரம் பாயாது. தட்டும்போது பிரஷ் ஒரு நூலளவு நகர்ந்து தொட்டுவிடுகிறது. ஆகவே இந்த வாசகருக்குப் பெரும்பாலும் ஒரே மோட்டார்ப் பெட்டிக்குள் இரண்டு கோளாறுகள், இரண்டுமே அழுக்காலும் தேய்மானத்தாலும் வந்தவை. ராசிக்கு இதில் வேலையே இல்லை. எப்போதும் வேலை செய்யாத பொருளை யாரும் பேய் பிடித்தது என்று சொல்வதில்லை. விட்டு விட்டு வேலை செய்வதைத்தான் சொல்கிறார்கள். விட்டு விட்டு வரும் கோளாறுதான் மூடநம்பிக்கைக்கு நல்ல விளைநிலம். அதனால்தான் ஒரு கருவியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று விடாமல் எழுதிவருகிறேன்.

பொதுவாகச் சோதனையைக் காதிலிருந்து தொடங்குவது நல்லது. இரண்டு விளக்குகளும் அசையாவிட்டால் மோட்டாரைப் பார்க்கவே வேண்டாம்; இரண்டு மோட்டார்கள் ஒரே இரவில் சாவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், ரிலே, பொத்தான் ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்று மட்டும் அசையாவிட்டால் அந்தப் பக்கத்து இணைப்பானும் எர்த் கம்பியும் மோட்டாரும். மோட்டார் ‘ர்ர்ர்’ என்று ஓடும் சத்தம் கேட்கிறது, விளக்கு மட்டும் அசையவில்லை என்றால் மின்சாரத்தில் குறையில்லை, பற்சக்கரத்தில்தான் குறை. எண்பதுகளின் கடைசியில் வந்த பான்டியாக் ஃபியரோ போன்ற ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இது பிரசித்தம்: பற்சக்கரத்துக்குள் அதிர்ச்சி தாங்க வைத்த சிறிய பிளாஸ்டிக் உருளைகள் ஆண்டுகள் போகப் போக நொறுங்கிப் பொடியாகிவிடும், மோட்டார் சும்மா சுற்றும்.

மல்டிமீட்டரில் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. இணைப்பானைக் கழற்றி அளக்கிறார்கள், 12 வோல்ட் காட்டுகிறது, உடனே மோட்டார் செத்தது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். மீட்டர் உறிஞ்சும் மின்சாரம் மிகமிகக் குறைவு. துருப்பிடித்த முனை வழியாகக்கூட அதற்கு முழு 12 வோல்ட்டும் வந்துவிடும். மோட்டார் சுருளின் மின்தடை 1 ஓம், துருவின் மின்தடையும் 1 ஓம் என்று கொள்ளுங்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிபாதியாகப் பங்கு பிரிகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 6 வோல்ட்தான். எனவே இணைப்பைக் கழற்றாமல், பொத்தானை அழுத்திய நிலையில் அளக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனைக்கும் மோட்டாரின் எர்த் கம்பிக்கும் இடையில் அப்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை கெட்டிருக்கிறது.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடக் கூடாது. ஓடும் மோட்டார் எதிர் மின்னியக்கு விசையை (பேட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்க்கும் மின்னழுத்தத்தை) உண்டாக்கித் தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்துகிறது. அதே 1 ஓம் சுருளில் எதிர்விசை 8 வோல்ட் என்றால் பாய்வது 4 ஆம்பியர். தண்டின் மூட்டு துருவேறிச் சிக்கி மோட்டார் சுற்றாமல் நின்றுவிட்டால் எதிர்விசை பூஜ்யம், பாய்வது 12 ஆம்பியர். சுருளில் உண்டாகும் வெப்பமோ ஒன்பது மடங்கு. ஃபியூஸ் போவது சுருளைக் காப்பாற்றத்தான். மூட்டுகளைச் சுத்தம் செய்து கிரீஸ் போடுவதே தீர்வு.

மின்மோட்டாரே இல்லாத கார்களும் உண்டு. 1968 முதல் 1982 வரை வந்த கார்வெட் சி3, இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடத்தால் விளக்கை இயக்கியது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் அந்த வெற்றிடம் குறைந்துவிடும் என்பதால், சேமித்துவைக்க ஒரு தொட்டியும் ஒருவழி வால்வும் இருக்கும். இரண்டு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோம்பி எழுந்தால் எங்கோ ரப்பர்க் குழாய் வெடித்துக் கசிகிறது. 1962இல் வந்த லோட்டஸ் எலானில் தனியாகத் தொட்டியே வைக்கவில்லை; சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தை அடைத்து அதையே வெற்றிடத் தொட்டியாக்கினார்கள். எடையைக் குறைப்பதில் அவர்களுக்கு இருந்த வெறி அப்படி. சட்டம் உள்ளே துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தால் விளக்குக்கும் கேடு, காரின் எலும்புக்கும் கேடு.

இவ்வளவு எளிய சோதனைகளுக்குக்கூட அந்தக் காரின் மின்சுற்றுப் படம் கையில் இருக்க வேண்டும். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு கடந்த கார்களின் படங்களை நிறுவனங்கள் பொதுவில் வைத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் தலைமுறை மியாட்டாவைப் புதுப்பிக்கும் சேவையையும் அதற்கான உதிரிபாகங்களின் மறுதயாரிப்பையும் மாஸ்டா 2017இல் ஜப்பானில் அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய செயல் அது.

வாசகருக்குக் கடைசியாகச் சில சொற்கள். கையை உள்ளே விடுமுன் விளக்கு மோட்டாருக்கான ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். கிராங்க் விரலை நசுக்கும் அளவுக்கு வலுவுள்ளது. மோட்டாரின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு திருகு குமிழ் இருக்கும். ஃபியூஸைக் கழற்றிய நிலையில் அதைக் கையால் சுற்றி விளக்கை எழுப்பலாம். நடு இரவில் மோட்டார் கைவிட்டால் வீடு சேர அது போதும். சுத்தம் செய்து மாட்டிய பிறகு, காரைச் சமதரையில் சுவரைப் பார்த்து நிறுத்தி இரண்டு ஒளிக்கற்றைகளும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். காரை நிறுத்தியே வைக்கும் குளிர்கால மாதங்களிலும் அவ்வப்போது விளக்குகளை ஏற்றி இறக்குங்கள். தொடுவட்டில் உரசல் இருக்கும்வரை செம்பின் மேல் களிம்பு படியாது.