ஸ்டூ என்றால் புழுக்கு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், கோலாலம்பூர் வீடுகளில் 'இன்றைக்கு மட்டன் ஸ்டூ வைக்கலாமா?' என்ற பேச்சு தானாக வரும். இந்த ஸ்டூவைத் தமிழில் சிலர் குழம்பு என்கிறார்கள், சிலர் சூப் என்கிறார்கள். இரண்டும் சரிப்படவில்லை. குழம்பு சோற்றில் ஊற்றிப் பிசைவதற்கு. சூப்பில் நீர்தான் முக்கியம். ஸ்டூவிலோ பெரிய துண்டுகளாகக் கிடக்கும் கறியும் காயும்தான் உணவு, சாறு அதற்குத் துணை.

குறைந்த நீரில், மூடிய பாத்திரத்தில், சிறுதீயில் நெடுநேரம் வேகவைப்பதே இதன் முறை. குளிர் நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை காரட், டர்னிப், பூசணி எல்லாம் வீட்டுக்கு வரும். கூடவே முற்றிய ஆட்டின் கெட்டிக் கறி. கால், தோள் பகுதிக் கறியில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்லிய சூட்டில் மெதுவாகக் கரைந்து பசை போன்ற ஜெலட்டின் ஆகிவிடும். மாவு சேர்க்காமலே சாறு கெட்டிப்படுவது அதனால்தான். தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்க விட்டால் கறி விறைத்து, நார்நாராகிவிடும். காரட்டையும் உருளைக்கிழங்கையும் கறி முக்கால் பதம் வெந்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் கரைந்து போகும்.

ஸ்டூ என்ற சொல் பழைய பிரெஞ்சின் 'எஸ்துவேர்' என்பதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் பொருள் சூடான ஆவியில் குளித்தல். ஆங்கிலத்திலும் முன்பு ஆவிக்குளியல் இடத்துக்கு இந்தப் பெயர் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் மெதுவாக வேகவைப்பதைக் குறித்தது. உணவுக்கே பெயரானது 18ஆம் நூற்றாண்டில். அதுவே கேரளத்துக்குப் போய் 'இஷ்டு' ஆகி, ஆப்பத்தோடு சேர்ந்துகொண்டது.

ஆவி, வெக்கை, வேகவைத்தல் மூன்றையும் சுமக்கும் சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. மழைக்கு முன்னால் 'ஒரே புழுக்கமா இருக்கு' என்கிறோமே, அதே வேர்தான். புழுங்கு தன்வினை, புழுக்கு பிறவினை. புழுங்கல் அரிசியும் இங்கிருந்து வந்ததே. வேகவைத்த பண்டத்துக்கும் புழுக்கு என்றே பெயர். சங்க நூலான பொருநராற்றுப்படையில், சோழன் கரிகாலன் பொருநன் என்ற கலைஞனுக்கு வைக்கும் விருந்தில் 'துருவையம் புழுக்கு' வருகிறது. துருவை என்றால் செம்மறியாடு. அதன் பருத்த தொடைக்கறி வெந்ததை அவன் 'பருகு' என்று வற்புறுத்துகிறான். உண் என்று சொல்லாமல் பருகு என்றால், அது எவ்வளவு குழைய வெந்திருக்க வேண்டும்! எனக்கு இந்த ஓர் இடமே போதுமான சான்று. இன்று நம் பேச்சில் அந்தப் பெயர் தேய்ந்துவிட்டது. மலையாளத்தில் மட்டும் கப்பைப் புழுக்கு, திருவாதிரைப் புழுக்கு என்று வாழ்கிறது.

ஸ்டூ வைக்கத் தோன்றும் இந்த மழைப் பருவத்துக்கும் சொல் உண்டு. இலையுதிர்காலம் என்பது மேலைநாட்டு மரங்களுக்குப் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் தமிழ் கூதிர் என்று தனிப் பருவமாக வைத்திருக்கிறது. இலை உதிராத கோலாலம்பூரிலும் அந்த மாதங்களில் பிற்பகல் மழைக்குக் குறைவில்லை.

அப்புறம் ஒரு வேறுபாடு. தேங்காய்ப்பாலில் செய்யும் காய்கறி இஷ்டுவுக்குப் புழுக்கைவிட நெருக்கமான சொல் சொதி. ரயில்வே வேலைக்கு வந்து கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் குடியேறிய யாழ்ப்பாணத்தார் வீடுகளில் அது இடியப்பத்துக்குத் துணை. மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், தேங்காய்ப்பால், இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. திருநெல்வேலிக்காரர்களோ பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்வார்கள்.

ஆகவே உணவகப் பட்டியலில் ஆட்டுப் புழுக்கு, கோழிப் புழுக்கு என்று தாராளமாக எழுதலாம். தேங்காய்ப்பால் சேர்ந்த காய்கறி என்றால் சொதி.