பிரஷர் மாத்திரையை நிறுத்தவா பாராதைராய்டு ஆபரேஷன்?

பாராதைராய்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் பலர் கேட்பது இதுதான்: "டாக்டர், இது முடிஞ்சா பிரஷர் மாத்திரையை விட்டுடலாமா?" விட்டுவிடலாம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால், அரிசி மணி அளவில் பெரும்பாலும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுக்குள் வைப்பது இவற்றின் வேலை. ஒன்றில் கட்டி வந்து ஹார்மோன் அதிகமாகச் சுரந்தால் எலும்பு தேயும், சிறுநீரகத்தில் கல் சேரும். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது. ஆனால் கட்டியை எடுத்தபின் சிலருக்கு அழுத்தம் இறங்குகிறது, பலருக்கு அப்படியே நிற்கிறது. அதனால்தான் பிரஷர் ஒன்றை மட்டும் காரணமாக வைத்து ஆபரேஷன் செய்யச் சொல்வதில்லை. 50-க்குக் குறைந்த வயது, கால்சியம் உச்ச வரம்பைத் தாண்டி டெசிலிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் ஏறியிருப்பது, எலும்புத் தேய்மானம், கல், சிறுநீரகச் செயல்திறன் குறைவு ஆகியவையே முக்கியக் காரணங்கள்.

இன்னொரு சிக்கல் மாத்திரை அட்டையிலேயே இருக்கிறது. பிரஷருக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் பிரியும் மருந்து கலந்திருக்கும். சிறுநீரில் போகவேண்டிய கால்சியத்தை இது உடம்பிலேயே தங்கவைக்கும். கால்சியம் கூடியிருந்தால், டாக்டர் சொன்னபடி இதை மாற்றிவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) பரிசோதனை. இங்கே ஒரு எச்சரிக்கை: கால்சியம் ஏறியிருக்கும்போது பி.டி.எச். அடங்கிக் கிடக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

அரிதாக ஒரு ஆபத்தும் உண்டு. திடீர் திடீரென்று பிரஷர் எகிறி, தலைவலி, படபடப்பு, வியர்வை என்று வருகிறதா? குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோயோ, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டியோ இருந்ததா? பாராதைராய்டும் அட்ரினலும் சேர்ந்து பாதிக்கும் பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. அட்ரினல் கட்டி இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை முடியாமல் இவர்களை நான் தியேட்டருக்குள் அழைத்துப் போகமாட்டேன்.

ஆபரேஷனுக்குப் பிறகும் பிரஷர் மாத்திரை தொடரும். வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். இறங்கினால் அளவைக் குறைப்போம். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரத்துப்போனால் மட்டும் அடுத்த விசிட்வரை காத்திருக்க வேண்டாம், கால்சியம் தாழ்ந்திருக்கலாம். உடனே கூப்பிடுங்கள்.