‘எல்லாரும் வாங்கினாங்க மேடம்’

பெங்களூரில் நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் எனக்கு இந்த வாரமும் ஒரு புடவைப் புகார். அல்சூரில் ஒரே குடியிருப்பில் இருக்கும் பெண்கள். யுபிஐயில் முழுப்பணமும் போய்விட்டது, புடவை வரவில்லை. ஏன் நம்பினீர்கள் என்றால், “குரூப்பில் எல்லாரும் வாங்கினாங்க மேடம்.”

சரி, முதலில் யார் கைக்கு வந்தது? மாடிவீட்டு அக்காவைக் காட்டுகிறார்கள். அந்த அக்கா எதிர்வீட்டைக் காட்டுகிறார். எதிர்வீட்டுக்காரருக்கு ஊரிலிருந்து நாத்தனார் அனுப்பிய ஃபார்வர்ட் அது. அந்தப் புடவையை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்: பத்துப் பேர் ஒரே மெசேஜை அனுப்பினால் அது பத்துப் பேரின் அனுபவம் ஆகாது. ஆர்டர் போட்டேன் என்பது வேறு, வந்து சேர்ந்தது என்பது வேறு. பணம் போட்டுவிட்டுக் காத்திருப்பவரையும் ‘வாங்கினவர்’ கணக்கில் சேர்த்துவிடுகிறோம். ஏமாந்தவரோ வீட்டில் திட்டுவார்களே என்று வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனத்தையும் திருப்தி என்று எடுத்துக்கொள்கிறோம்.

தெரிந்தவர் சொல்லி வாங்குவது தப்பில்லை. ஆன்லைன் என்றாலே பயந்த எத்தனையோ பெரியவர்கள் மருமகள் வாங்கியதைப் பார்த்துத்தான் துணிந்தார்கள். பார்த்துத் துணிந்தார்கள், அதுதான் விஷயம்.

ஸ்டார், ரிவ்யூ எல்லாம் அதே கதைதான். விற்பவரே வாடிக்கையாளர் போல ரிவ்யூ எழுதக்கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன; எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி யாராவது லிங்க் அனுப்பினால் கேளுங்கள்: உங்கள் கைக்கு வந்ததா? உங்கள் வீட்டில் எடுத்த போட்டோ இருக்கிறதா? கூச்சப்படாதீர்கள். விற்பவரின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். புதுக் கடையில் முன்பணம் வேண்டாம், பொருள் வந்தபின் கொடுங்கள்.

ஏமாந்துவிட்டீர்களா? உடனே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பொருள் வந்து அதில்தான் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்பவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. இது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், ஏமாந்ததை அதே குரூப்பில் அன்றைக்கே எழுதுங்கள். கோபத்தில் அந்தப் பழைய மெசேஜையும் பணம் போன ரசீதையும் மட்டும் அழித்துவிடாதீர்கள், எனக்கு அவை வேண்டும்.