வேலையை விட்டு வேறு நகரம் போகிறவரின் பி.எஃப். கணக்கு

ராஜினாமா செய்தால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. வேலை போனாலும், நீங்களாக விட்டாலும், ஊர் மாறினாலும் கணக்கு அப்படியே இருக்கும். 58 வயது வரை வட்டியும் சேரும். பணம் எடுப்பது உங்கள் உரிமை, கட்டாயம் கிடையாது. கைச்செலவுக்கு வேறு வழியே இல்லாதவர் எடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றவர்கள் எடுப்பதற்கு முன் எதையெல்லாம் இழக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அந்தக் கணக்கு சம்பளச் சீட்டில் தெரியாது.

முதலில், பணம் எங்கே போகிறது என்பது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், உங்களிடம் பிடிக்கப்படும். நிறுவனமும் 1,800 ரூபாய் செலுத்தும். ஆனால் நிறுவனத்தின் பங்கு முழுவதும் வைப்பு நிதிக்குப் போவதில்லை. அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 550 ரூபாய்தான் உங்கள் பி.எஃப். கணக்கில் விழும். ஆக, கணக்கில் மாதம் 2,350 ரூபாய். மூன்று ஆண்டுகளில் 84,600 ரூபாய், வட்டி தனி. 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். வங்கியில் வைப்புத் தொகை போட்டவர்கள் இந்த எண்ணை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கலாம்.

2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.பில் சேர்ந்து, சேரும்போதே சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தவர்களுக்கு ஓய்வூதியப் பங்கு கிடையாது. அவர்களுக்கு நிறுவனத்தின் 12 சதவீதமும் பி.எஃப். கணக்குக்கே வரும். உங்கள் பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தி காலியாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பதறத் தேவையில்லை.

எடுத்தால் என்ன ஆகும்

2018 டிசம்பரில் வந்த விதிப்படி, வேலை இல்லாமல் ஒரு மாதம் ஆனால் 75 சதவீதத்தையும், இரண்டு மாதம் ஆனால் மீதியையும் எடுக்கலாம். 2025 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது: 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், 25 சதவீதம் குறைந்தபட்ச இருப்பாகக் கணக்கில் நிற்க வேண்டும், முழுப் பணத்தையும் எடுக்க 12 மாதம் வேலையின்றி இருக்க வேண்டும், ஓய்வூதியத் தொகையை எடுக்க 36 மாதம். அன்றைய செய்திகளில் 'பணத்தை முடக்கிவிட்டார்கள்' என்று ஒரு பேச்சு கிளம்பியது. முக்கால் பங்கு முதல் நாளே கைக்கு வரும் என்பதை அந்தப் பேச்சு விழுங்கிவிட்டது. விண்ணப்பிக்கும் நாளில் இணையதளம் காட்டும் படிவத்தில் உள்ள நிபந்தனையையே கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் போன ஆண்டு எடுத்த கதை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அடுத்தது வரி. ஐந்து ஆண்டு தொடர் பணி முடியும் முன் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் எடுத்தால் 10 சதவீத வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் இணைக்கப்படவில்லை என்றால் 20 சதவீதம். மேலே சொன்ன மூன்றாண்டுக் கணக்கு வட்டியோடு தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருக்கும். ஒன்பதாயிரத்துக்கு மேல் பிடித்தம் போகும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். உடல்நலக் குறைவால் வேலை நீங்கியவர், நிறுவனமே மூடப்பட்டதால் வேலை இழந்தவர் போன்றோருக்கு ஐந்தாண்டு முடியாவிட்டாலும் வரி இல்லை.

இந்த ஐந்தாண்டு ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய கணக்கிலிருந்து புதிய கணக்குக்குப் பணத்தை மாற்றினால் பழைய நிறுவனத்தில் பார்த்த காலமும் சேர்த்தே எண்ணப்படும். அங்கே மூன்று ஆண்டு, இங்கே இரண்டு ஆண்டு என்றால் ஐந்து முடிந்தது. எடுத்துவிட்டவருக்குப் புதிய ஊரில் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

பத்து ஆண்டு என்ற கோடு

வரியைவிடப் பெரிய இழப்பு ஓய்வூதியத்தில்தான். இதைப் பற்றி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் யாரும் வாய் திறப்பதில்லை. பத்து ஆண்டு தகுதிப் பணி இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். இந்தப் பத்தும் வெவ்வேறு நிறுவனங்களில், வெவ்வேறு ஊர்களில், நடுவே இடைவெளி விட்டும் சேரலாம். கடைசியில் ஆறு மாதமோ அதற்கு மேலோ மிஞ்சினால் அது முழு ஆண்டாகக் கணக்கிடப்படும். ஒன்பதரை ஆண்டு பத்தாகிவிடும்.

கணக்கிடும் முறை எளியது: கடைசி 60 மாதச் சராசரி ஓய்வூதியச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய், பத்து ஆண்டு என்றால் மாதம் 2,142 ரூபாய் சொச்சம். சிறிய தொகைதான். ஆனால் ஆயுள் முழுவதும் வரும். உறுப்பினருக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இருபது ஆண்டு என்றால், கணக்கில் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்க்கப்படுவதால், தொகை இரட்டிப்பையும் தாண்டும்.

பத்து ஆண்டு முடியாதவர் வேலையை விட்டால் இரண்டு வழி. படிவம் 10-சி வழியாக ஓய்வூதியத் தொகையை எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் அந்தப் பணிக்காலம் அழிந்துபோகும். அல்லது அதே படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேட்கலாம். உங்கள் பணிக்காலத்தை அது பதிவு செய்து வைக்கும்; பின்னால் எப்போது பி.எஃப். உள்ள வேலையில் சேர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏழு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் மாறுகிறவர் அந்த ஓய்வூதியத் தொகையை எடுப்பதைப்போல நஷ்டமான காரியம் குறைவு. மூன்று ஆண்டு பொறுத்தால் ஆயுளுக்கும் வரவேண்டியது, சில மாதச் சம்பள அளவுக்கு ஒரு முறை வந்து நின்றுவிடுகிறது. பத்து ஆண்டு முடித்தவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. எடுக்க அனுமதி கிடையாது.

கணக்கை மாற்றிய பிறகு புதிய பாஸ்புக்கைத் திறந்தால் பழைய ஓய்வூதியப் பணம் அதில் தெரியாது. பி.எஃப். தொகை மட்டும் வந்திருக்கும். ஓய்வூதியத்தில் பணம் மாறுவதில்லை, பணிக்காலம் மட்டுமே மாறும் என்பதால் அப்படி. புகார் எழுதும் முன் உங்கள் பணி விவரப் பக்கத்தில் பழைய நிறுவனத்தின் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

யூ.ஏ.என். என்ற 12 இலக்க எண் 2014 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனம் மாறும்போது உறுப்பினர் எண் மாறும், யூ.ஏ.என். மாறாது. ஆகவே பழைய பி.எஃப். அலுவலகம் இருக்கும் ஊருக்கு மறுபடி பயணம் செய்யத் தேவை இருப்பதில்லை, எல்லாம் இணையத்தில் முடியும், சில விவரங்கள் சரியாக இருந்தால். சிக்கல் எல்லாம் அந்தச் சில விவரங்களில்தான்.

விலகிய தேதியை நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். பல நிறுவனங்கள் மறந்துவிடும். சில, கோபத்தில் மறந்ததுபோல நடிக்கும். தேதி இல்லாமல் கணக்கை மாற்றுவதும் எடுப்பதும் நின்றுபோகும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழிந்ததும், ஆதார் ஓ.டி.பி. கொடுத்து நீங்களே அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம். கடைசிப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள் ஒரு தேதியாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் தயவை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் இந்த ஒரு வசதியால் முடிந்துவிட்டது.

ஓ.டி.பி. என்றதும் இன்னொன்று. புதிய நகரத்துக்குப் போனவுடன் புதிய சிம் வாங்கிப் பழைய எண்ணைக் கைவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. ஆதாரோடு இணைந்த எண் அதுவாக இருந்தால், உங்கள் பணத்துக்கான கதவை நீங்களே பூட்டிச் சாவியை வீசியதாகும். ஆதாரில் புதிய எண் ஏறும்வரை பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். நிறுவனம் திறந்து கொடுத்த சம்பள வங்கிக் கணக்கும் இப்படித்தான்: யூ.ஏ.என்.னில் அந்தக் கணக்கு இணைந்திருந்தால், அதை மூடும் முன் வேறு கணக்கை இணைத்துவிடுங்கள்.

பெயர் எழுத்து, பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவை ஆதாரோடு பொருந்தாவிட்டால் கோரிக்கை திரும்பி வரும். 2017 அக்டோபர் 1-க்குப் பின் உருவான, ஆதார் சரிபார்க்கப்பட்ட யூ.ஏ.என். என்றால் இவற்றை நீங்களே இணையத்தில் திருத்தலாம். அதற்கு முந்தையவர்கள் நிறுவனம் வழியாகப் போக வேண்டியிருக்கும் என்பதால், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே முடித்துக்கொள்வது மேல்.

புதிய வேலையில் சேரும்போது பி.எஃப். உறுதிமொழிப் படிவத்தில் பழைய யூ.ஏ.என்.னைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இரண்டாவது எண் உருவாகிவிடும். அதைச் சரிசெய்வது தலைவலி. பழைய எண்ணைக் கொடுத்து, ஆதார் விவரங்களும் சரியாக இருந்தால், பல சமயம் கணக்கு தானாகவே மாறிவிடும். மாறவில்லை என்றால் படிவம் 13-ஐ இணையத்தில் நிரப்ப வேண்டும். சொந்த அறக்கட்டளை வைத்து பி.எஃப். நடத்தும் பெரிய நிறுவனங்களிலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பின்தொடர வேண்டியிருக்கும்.

பணிக்கொடையும் கடைசிச் சம்பளமும்

பி.எஃப்.பைப் போலப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்களோடு பயணம் செய்யாது. ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். மாத ஊதியத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணி ஆண்டுகளால் பெருக்கினால் தொகை வரும். 20,000 ரூபாய், ஆறு ஆண்டு என்றால் 69,230 ரூபாய். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நான்கரை ஆண்டில் ராஜினாமா கடிதத்தோடு நிற்பவர், நோட்டீஸ் காலத்தையும் சேர்த்து நாட்களை எண்ணிவிட்டுக் கடிதத்தைக் கொடுக்கலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு.

அதே தொகுப்பில் ஊதியச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும், சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். '45 நாள் ஆகும், எங்கள் நடைமுறை அப்படி' என்று சொல்லும் நிறுவனத்துக்கு இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள்.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பார்கள். வேலை போன அன்றே மருத்துவ வசதி போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் 78 நாளுக்குச் சந்தா இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை தகுதி உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாவுக்கு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. காப்பீட்டு எண் மாறாது. புதிய ஊரில் மருந்தகத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

வேலையில்லா நாட்களுக்கு உதவும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டமும் இ.எஸ்.ஐ.யில் உண்டு. சராசரி தினசரி ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை. குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவர்களுக்கும் விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கும் கிடையாது. காலவரம்பு வைத்து நீட்டித்துக்கொண்டே வரும் திட்டம் என்பதால், நடப்பில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மனு எழுதுங்கள்.

பி.எஃப். கோரிக்கை காரணமின்றிக் கிடப்பில் இருந்தால் இணையத்தில் புகார் பதிவு செய்யலாம். 14470 என்ற எண்ணிலும் கேட்கலாம். நேரில் பேசித்தான் தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' முகாம் நடக்கிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். யூ.ஏ.என்., ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், பழைய நிறுவனத்தின் பணி விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள்.