‘இன்று சீட்டு இல்லை’ என்று சொல்லப் பழகுதல்

ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கொக்கைனுக்கும் மெத்தாம்ஃபெட்டமினுக்கும் அப்படி ஒன்றும் கிடையாது. அமெரிக்க அரசு அங்கீகரித்த மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. இங்கே அமெரிக்காவில் உள்ள போதை சிகிச்சை மையங்களில் இந்த நோயாளிகளுக்கு நன்றாகக் கைகொடுப்பது பரிசு தரும் சிகிச்சைதான். போதைப்பொருளைத் தொடவில்லை என்று சிறுநீர்ப் பரிசோதனை காட்டினால் அந்த இடத்திலேயே பரிசு.

கேட்டதும் பலருக்கு முகம் சுளிக்கும். “காசு கொடுத்துத் திருத்துவதா?” இந்த முறையைக் கற்க என்னிடம் பயிற்சிக்கு வரும் கவுன்சலர்களிலும் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வந்து உட்காருகிறார்கள். நான் வாதாடுவதில்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1994-ல் வெளியிட்ட முடிவைக் காட்டுவேன்: சுத்தமான டெஸ்டுக்குப் பொருள் வாங்கும் கூப்பன் பெற்ற கொக்கைன் நோயாளிகளில் 75 சதவீதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள், பெறாதவர்களில் 40 சதவீதம்தான்.

கூப்பன் முறை செலவு பிடிக்கும். அதற்கு மாற்றாக கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் நான்சி பெட்ரி கொண்டுவந்தது குலுக்கல் சீட்டு. ஒரு கண்ணாடிக் குடுவையில் 500 சீட்டுகள். 250-ல் ‘சபாஷ்’ என்று மட்டும் எழுதியிருக்கும். 209 சீட்டுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் பொருள், 40-க்கு 20 டாலர் பொருள், ஒரே ஒரு சீட்டுக்கு 100 டாலர் அளவில் பெரிய பரிசு. வாரம் இரண்டு டெஸ்ட், 12 வாரம். முதல் தடவை டெஸ்ட் சுத்தமாக வந்தால் ஒரு சீட்டு, அடுத்து இரண்டு, அதற்கடுத்து மூன்று. ஒரு டெஸ்ட் பாசிட்டிவ் ஆனாலோ, சொல்லாமல் வராமல் போனாலோ அன்று சீட்டு இல்லை. அடுத்து ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள் 2011-ல் இதை நாடு முழுவதும் கொண்டுபோனபோது, கவுன்சலர்களைத் தயார்செய்யும் பொறுப்பும் பெட்ரியிடம் வந்தது. நான் நடத்தும் பயிற்சியில் விதிமுறைகளைச் சொல்லிக்கொடுக்க அரை நாள் போதும். மீதி நேரமெல்லாம் நடித்துப் பார்ப்பதுதான்.

நான் நோயாளியாக உட்காருவேன். ஆறு சீட்டு எடுத்துவந்த ஆள், இன்று பாசிட்டிவ். எதிரே இருக்கும் கவுன்சலருக்கு இரண்டு வழி உடனே வாய்க்கு வந்துவிடும். ஒன்று, “ஏன் இப்படிச் செஞ்சீங்க? இவ்வளவு தூரம் வந்துட்டு...” என்று பிரசங்கம். மற்றது, “பாவம், இவ்வளவு நாள் நல்லாத்தானே இருந்தீங்க, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க” என்ற இரக்கம். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அந்த ஒரு சீட்டோடு பரிசுக்கும் டெஸ்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். பிறகு நடப்பது அன்பளிப்பு, சிகிச்சை அல்ல.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “இன்னிக்கு டெஸ்ட்ல கொக்கைன் இருக்கு. அதனால சீட்டு இல்ல. நீங்க வந்தது நல்லது. வியாழக்கிழமை சுத்தமா வந்தா ஒரு சீட்டு, அடுத்த திங்கள் ரெண்டு. அதுவரைக்கும் என்ன செஞ்சா உதவும்னு பேசுவோமா?” குரல் ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது. இதைச் சரளமாகச் சொல்ல வருவதற்குள் அனுபவசாலிகளுக்கே நாக்கு குழறும். புதியவர்கள்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

பயிற்சி முடிந்ததும் விட்டுவிட முடியாது. நோயாளியின் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்த அமர்வுகளைக் கேட்டு மதிப்பெண் போடுவோம். இன்று எத்தனை சீட்டு, அடுத்த முறை எத்தனை என்று தெளிவாகச் சொன்னாரா? சுத்தமாக வந்தபோது மனதாரப் பாராட்டினாரா, அல்லது ஃபைலைப் பார்த்தபடியே குடுவையை நீட்டினாரா?

தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்பது குடியைப் பற்றி. பெட்ரி 2000-ல் வெளியிட்ட ஆய்வே மதுப் பழக்கம் உள்ள முன்னாள் ராணுவத்தினர் 42 பேரைப் பற்றியதுதான். எட்டு வாரம் வரை நீடித்தவர்கள் பரிசுக் குழுவில் 84 சதவீதம், மற்றதில் 22. ஆனால் கொக்கைன் சிறுநீரில் இரண்டு மூன்று நாள் தெரியும். ஊதச் சொல்லும் கருவியோ சில மணி நேரத்துக்கு முன் குடித்ததைத்தான் காட்டும். வாரம் இரண்டு முறை ஊத வைத்தால் நடுவில் குடித்ததெல்லாம் தப்பிவிடும், குடித்தவருக்கே பரிசும் போய்ச் சேரும். எத்தில் குளுக்குரோனைடு என்ற சிறுநீர்ப் பரிசோதனை இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கிறது. குடிநோய் மையம் நடத்துபவர்கள் பரிசுப் பொருள் வாங்கக் கடைக்குப் போகும் முன் இந்த டெஸ்டுக்கு வழி இருக்கிறதா என்று லேபில் விசாரியுங்கள்.