ஒரே மின்தடத்தில் காற்றும் வெயிலும்: 2018ஆம் ஆண்டின் தேசியக் கலப்பு மின்சாரக் கொள்கை யாருக்கு, எதற்கு?

மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2018 மே 14 அன்று தேசிய காற்று–சூரியசக்தி கலப்பு மின்சாரக் கொள்கையை வெளியிட்டது. காற்றாலைகளையும் சூரிய மின்தகடுகளையும் சேர்த்து நிறுவி, இரண்டும் தரும் மின்சாரத்தை ஒரே இணைப்பின் வழியாக மின்தொகுப்புக்கு அனுப்பும் பெரிய மின்நிலையங்களை ஊக்குவிப்பதே இதன் நோக்கம். வீட்டுக் கூரையில் தகடு பொருத்துவோர் இதன் கீழ் வரமாட்டார்கள். அவர்களுக்கு 2024இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டம் தனியாக இருக்கிறது. ஏற்கெனவே காற்றாலையோ சூரிய மின்நிலையமோ வைத்திருப்பவர்கள், தங்கள் ஆலைக்குத் தாங்களே மின்சாரம் உற்பத்தி செய்துகொள்ள விரும்பும் தொழில் நிறுவனங்கள், அந்த மின்சாரத்தை வாங்கும் மின் பகிர்மான நிறுவனங்கள் ஆகியோரையே இக்கொள்கை முதன்மையாகக் கருதுகிறது.

கொள்கை எதைச் சரிசெய்ய வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, மின்தடத்திலிருந்து தொடங்குவது நல்லது. 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்றை நிறுவினால், அதன் உச்ச உற்பத்தியைத் தாங்கும் அளவுக்குத் துணை மின்நிலையத்தில் இடமும் உயர்மின் அழுத்தத் தடமும் ஒதுக்கப்பட வேண்டும். ஆனால் அந்த உச்சம் நண்பகலை ஒட்டிய சில மணி நேரங்களுக்கே நிற்கிறது. காலையிலும் மாலையிலும் உற்பத்தி குறைவு, இரவு முழுவதும் ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், நம் நாட்டுச் சூரிய மின்நிலையம் ஒன்று தன் முழுத் திறனில் இடைவிடாது ஓடினால் கிடைக்கக்கூடிய மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரையே தருகிறது. அதாவது, பெருஞ்செலவில் கோபுரம் நட்டு இழுத்த தடம் பெரும்பாலான நேரம் வெறுமனே கிடக்கிறது. காற்றாலைக்கு மட்டும் இழுத்த தடத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான், அது வெறுமையாக இருக்கும் காலம் மட்டும் வேறு.

அந்தக் காலம் வேறாக இருப்பதுதான் இக்கொள்கையின் அடிப்படை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே மாத இறுதியிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் செங்கோட்டைக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயின் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் காற்றாலைகள் மும்முரமாகச் சுழல்கின்றன. ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி இந்த மாதங்களிலேயே கிடைத்துவிடுகிறது. அதே மாதங்களில் மேகமூட்டத்தால் சூரிய மின் உற்பத்தி சற்றுத் தளர்கிறது. பிப்ரவரி முதல் மே வரை வானம் தெளிந்து, வெயில் ஏறி, தகடுகள் நன்றாக உற்பத்தி செய்யும்போது காற்று ஓய்ந்திருக்கிறது. ஒரு நாளுக்குள்ளேயும் இத்தகைய மாற்றம் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் சூரிய மின்சாரம் விரைவாக இறங்க, வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் இயங்கத் தொடங்கித் தேவை மேலேறுகிறது. காற்றுக் காலத்தில் பல இடங்களில் காற்றின் வேகம் மாலையிலும் இரவிலும் வலுவாக இருப்பதால், அந்தச் சரிவின் ஒரு பகுதியைக் காற்றாலைகள் ஈடுகட்டுகின்றன.

மின்தொகுப்பை இயக்குவோருக்கு இது மிக முக்கியமானது. உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் அலைவெண் 50 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். நம் மின்தொகுப்பு விதிகள் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய வரம்பையே வகுத்திருக்கின்றன. ஒரு நாளை 15 நிமிடக் கூறுகளாக, மொத்தம் 96 ஆகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் எவ்வளவு மின்சாரம் தருவோம் என்று மின்நிலையங்கள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், விலகினால் கட்டணம் செலுத்த வேண்டும். வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்கும் இரண்டு மூலங்களைச் சேர்க்கும்போது மொத்த ஏற்ற இறக்கம் தணிவதால், அனல் மின்நிலையங்களையும் நீர் மின்நிலையங்களையும் அவசரமாக ஏற்றி இறக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது.

இந்த இரு மூலங்களும் ஒன்றையொன்று முழுமையாக நிறைவு செய்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக அக்டோபர் பிற்பாதியிலும் நவம்பரிலும், தமிழ்நாட்டில் வானம் மூடியிருக்கும் நாள்களில் காற்றும் வலுவின்றிக் கிடப்பதுண்டு. அத்தகைய நாள்களுக்குச் சேமிப்போ வேறு மின்நிலையமோ இருந்தே ஆக வேண்டும். கொள்கையை ஆதரித்துப் பேசும் பலர் இந்த இடைவெளியைக் கடந்து சென்றுவிடுவது நல்லதல்ல. முதலீடு செய்பவர் இதை அறிந்தே இறங்க வேண்டும்.

இனி விதிகளுக்கு வருவோம். ஒரு மின்நிலையம் கலப்பு நிலையமாக ஏற்கப்பட வேண்டுமானால், அதிலுள்ள ஒரு மூலத்தின் நிறுவுதிறன் மற்றதன் நிறுவுதிறனில் குறைந்தது 25 சதவீதமாக இருக்க வேண்டும். 100 மெகாவாட் சூரியசக்தியுடன் 25 மெகாவாட் காற்றாலை சேர்ந்தால் போதும், அல்லது இதற்கு மறுதலையாகவும் இருக்கலாம். என் கருத்தில் இந்த அளவு மிகவும் தாராளமானது. 100 மெகாவாட் தடத்தில் 25 மெகாவாட் காற்றாலை மட்டும் இருந்தால், நல்ல காற்றடிக்கும் இரவிலும்கூட அந்தத் தடத்தின் முக்கால் பங்கு வெறுமையாகவே இருக்கும். பெயரளவில் கலப்பு நிலையம் உருவாகும், மின்தொகுப்புக்குக் கிடைக்க வேண்டிய நிலைத்தன்மை கிடைக்காது. மத்திய அரசு 2020 அக்டோபரில் வெளியிட்ட ஏல வழிகாட்டு நெறிமுறைகளில், ஒரு மூலத்தின் திறன் ஒப்பந்தத் திறனில் குறைந்தது 33 சதவீதமாக இருக்க வேண்டும் என்று இந்த வரம்பு உயர்த்தப்பட்டது சரியான திசையிலான மாற்றம். அந்நெறிமுறைகள் 2023 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டன.

இரண்டையும் இணைக்க இரு வழிகளைக் கொள்கை ஏற்கிறது. ஒன்றில், காற்றாலையும் சூரிய நிலையமும் தனித்தனியே மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்கி, பொதுவான இடத்தில் சேர்கின்றன. இப்போது பெரும்பாலும் நடைமுறையில் இருப்பது இதுவே. மற்றொன்றில், இரண்டும் நேர்திசை மின்சாரமாகவே சேர்ந்து, ஒரே இன்வெர்ட்டர் வழியாக மாறுதிசை மின்சாரமாக மாறுகின்றன. மாறுவேகத்தில் இயங்கும் காற்றாலைகளுக்கே இது பொருந்தும். சேமிப்பு அமைப்பைச் சேர்க்கவும் இடமுண்டு. முதலில் பேட்டரியை மட்டுமே குறிப்பிட்ட கொள்கை, 2018 ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் நீரேற்றுச் சேமிப்பு (நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது) உள்ளிட்ட பிற முறைகளையும் ஏற்றுக்கொண்டது.

ஏற்கெனவே இயங்கிவரும் காற்றாலைகளின் உரிமையாளர்களே இக்கொள்கையை மிகக் கவனமாகப் படிக்க வேண்டியவர்கள். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே நிலம் இருக்கிறது, தடமும் துணை மின்நிலையமும் இருக்கின்றன. அந்த இடத்தில் சூரிய மின்தகடுகளை நிறுவி, ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட தடத் திறனுக்குள்ளேயே மின்சாரத்தை அனுப்பினால், இணைப்புக்காகவோ தடத் திறனுக்காகவோ கூடுதல் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று கொள்கை தெளிவாகச் சொல்கிறது. அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிக் கூடுதல் திறன் தேவைப்பட்டால், தடத்தில் இடமிருக்கிறதா என்பதைப் பொறுத்து அதற்குரிய கட்டணத்தைச் செலுத்திப் பெறலாம். தகடுகளை எங்கே வைப்பது என்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்: கோபுரத்தின் நிழலும் சுழலும் இறக்கைகளின் நிழலும் தகடுகள்மேல் விழுந்தால் உற்பத்தி குறையும், நாளடைவில் தகடுகளுக்கே கேடு வரலாம். ஆகவே ஆண்டு முழுவதும் நிழல் எங்கெங்கே நகர்கிறது என்று கணக்கிட்ட பிறகே வரைபடத்தை முடிவு செய்ய வேண்டும்.

இதற்குள்ள முக்கியமான கட்டுப்பாடு என்னவென்றால், எந்த நேரத்திலும் மின்தொகுப்புக்குள் செலுத்தும் மின்சாரம் அனுமதிக்கப்பட்ட திறனை மீறக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு: 100 மெகாவாட் இணைப்பு, 100 மெகாவாட் சூரியசக்தி, 60 மெகாவாட் காற்றாலை என்று கொள்வோம். ஜூலை மாத நண்பகல் ஒன்றில் வெயில் 70 மெகாவாட்டும் காற்று 45 மெகாவாட்டும் தந்தால் மொத்தம் 115 ஆகிறது. மிகுதியான 15 மெகாவாட்டைச் சேமிக்க வேண்டும், இல்லையென்றால் இழக்க வேண்டும். இத்தகைய நேரங்கள் ஆண்டில் எத்தனை என்பதை அந்த இடத்தின் காற்று, கதிர்வீச்சுத் தரவுகளை மணிவாரியாக ஒப்பிட்டே அறிய முடியும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் நாடு முழுவதும் காற்று வளத்தை அளவிட்டு வரைபடங்களை வெளியிட்டுவருகிறது. முதற்கட்ட மதிப்பீட்டுக்கு அவை நம்பகமானவை.

உற்பத்தியாகும் மின்சாரத்தைச் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம், ஓப்பன் ஆக்சஸ் (பிறருடைய மின்தடங்களைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் உரிமை) வழியாக மூன்றாம் தரப்பினருக்கு விற்கலாம், போட்டி ஏலத்தில் பங்கேற்று மின் பகிர்மான நிறுவனங்களுக்கும் விற்கலாம். இந்தியச் சூரிய ஆற்றல் கழகம் 2018இல் நடத்திய முதல் கலப்பு ஏலத்தில் யூனிட் விலை 2.67 ரூபாய், 2.69 ரூபாய் என்ற அளவில் முடிந்தது. அதன் வழியே வந்த ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சால்மரின் 390 மெகாவாட் நிலையம் 2022 மே மாதத்தில் இயங்கத் தொடங்கியது. பின்னர் வந்த ஏலங்களில் காற்றாலையையும் சூரிய நிலையத்தையும் வெவ்வேறு இடங்களில் அமைக்கவும் வழி விடப்பட்டது. நல்ல காற்றும் நல்ல நிலமும் ஒரே ஊரில் அமைவது அரிது என்பதால், இது நியாயமான தளர்வு.

சொந்தப் பயன்பாட்டுக்கு உற்பத்தி செய்யும் ஆலைகள் வேறு இரண்டு விதித் தொகுப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, நுகர்வோர் அந்த நிலையத்தில் குறைந்தது 26 சதவீத உரிமை கொண்டிருக்க வேண்டும், ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்த வேண்டும். 2022 ஜூனில் வந்த பசுமை ஓப்பன் ஆக்சஸ் விதிகள், 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தேவை கொண்ட நுகர்வோருக்கு ஓப்பன் ஆக்சஸ் உரிமையை அளிக்கின்றன. சொந்த உற்பத்தியாளருக்கு அந்த வரம்பும் இல்லை. விண்ணப்பத்துக்கு 15 நாள்களுக்குள் பதில் தராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். இந்த விதியை அறியாமல் மாதக் கணக்கில் காத்திருப்போருக்கு இது பெரிதும் உதவும். மிகுதி மின்சாரத்தை வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதி குறைந்தது மாத அளவிலாவது இருக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. கட்டண விவரங்களை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைகளில் பார்க்க வேண்டும்.

மின் பகிர்மான நிறுவனங்கள் உள்ளிட்டோர் தங்கள் மின்சாரத்தில் ஒரு பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து கட்டாயமாக வாங்கும் கடமை பற்றிக் கொள்கை சொல்வது இப்போது பழையதாகிவிட்டது. சூரியசக்தி, சூரியசக்தி அல்லாதது என்ற இரு கணக்குகளிலும் நிறுவுதிறன் விகிதப்படி வரவு வைக்கலாம் என்று 2018இல் எழுதப்பட்டது. 2023 அக்டோபரில் வந்த அறிவிக்கை அந்தப் பிரிவையே மாற்றி, காற்றாற்றலுக்குத் தனிப் பங்கு வகுத்தது, 2024–25இல் மின் நுகர்வில் 29.91 சதவீதமாகத் தொடங்கும் மொத்தக் கடமை 2029–30இல் 43.33 சதவீதமாக உயர்கிறது. காற்றாற்றலுக்கான தனிப் பங்கை 2024 மார்ச் 31க்குப் பிறகு இயங்கத் தொடங்கிய காற்றாலைகளைக் கொண்டே நிறைவேற்ற வேண்டும் என்பதால், பழைய காற்றாலையைக் கலப்பு நிலையமாக மாற்றுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

உற்பத்தியாளருக்குப் பாதுகாப்பளிக்கும் மற்றொரு விதி 2021 அக்டோபரில் வந்தது. காற்று, சூரியசக்தி நிலையங்களுடன் கலப்பு நிலையங்களையும் பெயர் குறிப்பிட்டே கட்டாயம் இயக்க வேண்டிய நிலையங்களாக அது அறிவித்தது. விலை குறைந்த வேறு மின்சாரம் கிடைக்கிறது என்பதற்காக இவற்றின் உற்பத்தியை நிறுத்தச் சொல்ல முடியாது. தொழில்நுட்பத் தடையோ மின்தொகுப்பின் பாதுகாப்போ காரணமாக இருந்தால் மட்டுமே குறைக்கச் சொல்லலாம். வேறு காரணத்துக்காகக் குறைக்கச் சொன்னால், வாங்குபவர் ஒப்பந்த விலையில் இழப்பீடு தர வேண்டும்.

வெளிமாநிலத்துக்கு மின்சாரம் அனுப்ப எண்ணுவோர் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். மாநிலங்களுக்கு இடையிலான தடக் கட்டணத்திலிருந்து முழு விலக்கு, 2025 ஜூன் 30க்குள் இயங்கத் தொடங்கிய நிலையங்களுக்கே கிடைத்தது. அதன்பின் ஓராண்டுக்குள் இயங்கத் தொடங்குபவை கட்டணத்தில் 25 சதவீதத்தையும், 2026 ஜூலை முதல் தொடங்குபவை 50 சதவீதத்தையும், 2027 ஜூலை முதல் தொடங்குபவை 75 சதவீதத்தையும் செலுத்த வேண்டும். 2028 ஜூலை முதல் தொடங்குபவற்றுக்குச் சலுகை ஏதுமில்லை. காற்றாலை நிறுவ நிலம், சாலை, பளுதூக்கி என ஆயத்தங்களுக்கே நீண்ட காலம் பிடிப்பதால், விலைக் கணக்கைப் போடும்போது விண்ணப்பிக்கும் தேதியை விடுத்து, நிலையம் உண்மையில் இயங்கத் தொடங்கும் தேதிக்குரிய கட்டணத்தையே சேர்க்க வேண்டும்.