இன்டர்ன்ஷிப்: உள்ளுறைப் பயிற்சி

மனையியல் துறையில் குடும்ப உறவுகளைப் பாடமாகப் படிக்கும் மாணவி ஒருவர் குடும்ப ஆலோசனை மையத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவன் ஒரு பெஞ்சில், மனைவி ஒரு பெஞ்சில். குழந்தை தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் போய் வருகிறது. ஆலோசகர் முதலில் யாரைக் கூப்பிடுகிறார், எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறார் என்று மாணவி ஓரமாக உட்கார்ந்து கவனிக்கிறார். இதைத்தான் இன்டர்ன்ஷிப் என்கிறோம்.

இலத்தீனில் 'இன்டெர்னுஸ்' என்றால் உள்ளே இருப்பது. பிரெஞ்சில் அது 'அன்டெர்ன்' ஆனது. பாரிஸ் மருத்துவமனைகள் 1802-இல் போட்டித் தேர்வு வைத்து மாணவர்களை எடுக்கத் தொடங்கின. மருத்துவமனைக்குள்ளேயே தங்கி வேலை பழகியவர் அன்டெர்ன். வெளியிலிருந்து வந்து போனவர் எக்ஸ்டெர்ன். அமெரிக்க மருத்துவர்கள் வழியாக ஆங்கிலத்தில் ஊன்றிய சொல், அப்புறம் மற்றத் துறைகளுக்கும் பரவியது. நம் ஊரில் சொல்லும் 'ஹவுஸ் சர்ஜன்' என்பதிலும் ஹவுஸ் என்பது மருத்துவமனைதான்.

தமிழில் என்ன சொல்வது? இலங்கையில் 'உள்ளகப் பயிற்சி' நன்றாக வேரூன்றிவிட்டது. இங்கே உள்ளிருப்புப் பயிற்சி, அகப்பயிற்சி, உள்ளுறைப் பயிற்சி எல்லாம் புழங்குகின்றன. எனக்கு 'உள்ளுறை' மிகவும் பிடிக்கும். உறைதல் என்றால் தங்கி வாழ்தல். உறைவிடப் பள்ளி என்கிறோமே, அந்த உறைதான். உள்ளே தங்கிக் கற்றவர் என்ற பழைய பொருளை அது அப்படியே தருகிறது. 'உள்ளிருப்பு' என்றதும் உள்ளிருப்புப் போராட்டம்தான் நினைவுக்கு வரும். 'களப்பணி' வேறு: சமூகப்பணி மாணவர்கள் வகுப்புகளுக்கு இடையே வாரத்தில் சில நாள் போய் வருவது அது.

இன்னொரு சொல் 'கிரெடிட்'. இலத்தீனில் நம்புதல் என்ற வினையிலிருந்து வந்தது. கடைக்காரர் நம்பிக் கொடுத்தால் கடன். பல்கலைக்கழகம் உங்கள் உழைப்பை நம்பி ஏற்றுக்கொண்டால் பட்டத்துக்கான கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் 30 மணி நேரப் பயிற்சி ஒரு கிரெடிட். அகராதியைப் பார்த்து இதைக் 'கல்விக் கடன்' என்று எழுதிவிடாதீர்கள். வங்கியில் வாங்குகிற கடன் என்றுதான் பெற்றோர் புரிந்துகொள்வார்கள், வீணாகப் பதறுவார்கள். நான் 'மதிப்பலகு' என்று எழுதுகிறேன். புரியாத இடத்தில் கிரெடிட் என்றே எழுதலாம், குற்றமில்லை.

சரி, பயிற்சிக்குப் போகிற மாணவரை எப்படி அழைப்பது? பல சான்றிதழ்களில் 'பயிற்சியாளர்' என்று இருக்கிறது. கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி கொடுப்பவரும் பயிற்சியாளர்தான். கற்றுக்கொடுப்பவருக்கும் கற்பவருக்கும் ஒரே பெயர் ஆகாது. அந்த மையத்தில் ஆலோசகர் பயிற்சியாளர். ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாணவி உள்ளுறைப் பயிலுநர்.